காணியும் கடதாசியும்: மலைநாட்டு நிலம் கைமாறிய கதை

றொசல்லயில் நாம் நடத்திய ஒரு சிறு படிப்பு வட்டத்திற்கு வயதான அம்மா ஒருவர் பிளாஸ்டிக் பையொன்றுடன் வந்திருந்தார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பையிலிருந்த கடதாசிகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். வீட்டுக் கடன் கட்டிய பற்றுச்சீட்டுகள், தோட்ட அலுவலகத்தின் பழைய கடிதம், கணவரின் சேமலாப நிதி அட்டை, வாக்காளர் இடாப்பின் பிரதி என ஒன்பது கடதாசிகள் இருந்தன. "இதுல எது எங்க வீட்டு ஒறுதின்னு பாத்துச் சொல்லுங்கய்யா" என்று கேட்டார்.

நாம் ஒன்பதையும் வாசித்தோம். அவற்றுள் ஒன்றுகூட உறுதி அன்று. மூன்று தலைமுறையாக அதே மலையில் உழைத்த குடும்பம், தன் கையால் கல் சுமந்து கட்டிய வீடு, கடைசித் தவணை வரை கட்டி முடித்த கடன். ஆனால் நிலத்திற்கு உரியவர் என்று அவர் பெயரைச் சொல்லும் ஒரு வரிகூட அங்கில்லை.

இந்த அம்மாவின் கேள்விக்கு விடை காண வேண்டுமாயின் நாம் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். மலைநாட்டு நிலம் யாரால், யாருக்கு, எந்தக் கடதாசியின் மூலம் கைமாறியது என்பதை இப்பாடத்தில் படிப்படியாக நோக்குவோம்.

முதலில் சில சொற்கள்

காணி பற்றிப் பேசும்போது நாம் பல சொற்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். நிலத்தின் முழு உரித்தையும் ஒருவருக்குக் கொடுத்துவிடுவது விற்பனை. உரித்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, குறித்த காலத்திற்குப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் வாடகைக்குக் கொடுப்பது குத்தகை. நிபந்தனைகளுடன் இருக்கவோ பயிரிடவோ அரசு இடம் கொடுப்பது அனுமதிப்பத்திரம். வேலை செய்யும் வரை இருக்கலாம் என்று இடம் கொடுப்பது இவை மூன்றிலும் சேராது. லயக் காம்பிரா அந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது.

அளவையும் நினைவில் வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் 4 ரூட். ஒரு ரூட் 40 பேர்ச். ஆகவே ஓர் ஏக்கர் 160 பேர்ச். ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். ஓர் ஏக்கரை இருபத்து மூன்றாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கு அது.

1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம்

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அக்காலத்து மலைநாட்டுக் கிராமங்களில் வயலும் வீட்டுத் தோட்டமும் குடும்பங்களின் அனுபவத்தில் இருந்தன. அவற்றுக்கு மேலேயுள்ள சரிவுகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காட்டை வெட்டி எரித்துச் சேனை பயிரிட்டனர், மாடு மேய்த்தனர், விறகும் மரமும் எடுத்தனர். இது இன்னாருடையது என்று தாளில் எழுதி வைக்கும் தேவை பெரும்பாலும் ஏற்படவில்லை. வழக்கமும் ஊராரின் சாட்சியமுமே அங்கு உறுதியாக இருந்தன.

1830களில் கோப்பிப் பயிருக்கு நல்ல விலை கிடைக்கத் தொடங்கியதும் துரைமார் மலைகளைத் தேடி வந்தனர். நிலத்தை விற்க வேண்டுமானால் முதலில் அது தனக்குரியது என்று அரசு நிலைநாட்ட வேண்டும். அதற்காகப் பிறந்ததே 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் அத்துமீறல் கட்டளைச் சட்டம்.

இச்சட்டம் சொன்னது மிக எளிது. காடாகவோ, தரிசாகவோ, குடியிருப்போ பயிரோ இல்லாமலோ கிடக்கும் நிலம் யாவும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியது என்று கொள்ளப்படும். கண்டிப் பிரதேசங்களின் சேனை நிலத்திற்கோ விதி இன்னும் கடுமையானது. அரசன் அளித்த சன்னஸ் போன்ற எழுத்துச் சான்றை எல்லை விபரத்துடன் காட்ட வேண்டும். அல்லது வழக்கமான வரியையோ சேவையையோ இருபது ஆண்டுகளுக்குள் செலுத்தியதை நிரூபிக்க வேண்டும். இல்லையேல் அது முடிக்குரியதே.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நிலம் தனக்குரியது என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசின்மீது வைக்கப்படவில்லை; கடதாசி வைத்திராத குடியானவன்மீது வைக்கப்பட்டது. சேனை நிலம் பல ஆண்டுகள் ஓய்வாகக் கிடந்தால்தான் மீண்டும் விளையும். அந்த ஓய்வையே சட்டம் 'பயிரிடப்படாத நிலம்' என்று பெயரிட்டு எடுத்துக்கொண்டது.

மலை முழுவதும் கிராமத்தார் பயன்படுத்திய நிலம் என்று கூறுவது பொருந்தாது. உயர்ந்த மலைகளின் அடர்காடுகளில் குடியிருப்பு மிகக் குறைவு. எனினும் கிராமத்தை ஒட்டிய சரிவுகளில் சேனையும் மேய்ச்சலும் சுருங்கின என்பதில் ஐயமில்லை.

விற்றவரும் வாங்கியவரும்

1833 முதல் முடிக்குரிய காணிகள் ஏலத்தில் விற்கப்பட்டன. அடிப்படை விலை ஏக்கருக்கு 5 சிலின். 1844இல் இது 20 சிலினாக, அதாவது ஒரு பவுணாக உயர்த்தப்பட்டது. அதற்குள் நல்ல நிலம் பெருமளவு கைமாறிவிட்டது.

வாங்கியவர்களுள் வியாபாரிகள் மட்டும் இருக்கவில்லை. சிவில் அதிகாரிகள், படை அதிகாரிகள், நீதித்துறையினர் எனப் பலர் இருந்தனர். நம் றொசல்ல அமைந்துள்ள அம்பகமுவப் பகுதியில் 1840இல் காணி வாங்கியோருள் அக்காலத் தேசாதிபதி ஸ்டூவர்ட் மெக்கென்சியும், மகாவம்சத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் புகழ்பெற்ற சிவில் அதிகாரி ஜோர்ஜ் டேர்னரும் அடங்குவர். சட்டத்தை இயற்றுகிறவரும், நிலத்தை விற்கிறவரும், அதையே வாங்குகிறவரும் ஒரே வட்டத்தில் இருந்தனர். பின்னர்தான் அதிகாரிகள் தோட்டச் சொந்தக்காரராய் இருப்பது லண்டன் அரசால் தடுக்கப்பட்டது.

1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. இரண்டு பத்தாண்டுகளுக்குள் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1884இல் புகையிரதப் பாதை வட்டவளை, றொசல்ல வழியாக ஹற்றனை அடைந்தது. தேயிலைக்கு மேலும் நிலம் தேவைப்பட்டது. 1897ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கத் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் அதற்கு வழி செய்தது. அரசாங்க அதிபர் ஒரு நிலத்தைக் குறித்து அறிவித்தல் விடுப்பார். மூன்று மாதத்திற்குள் உரிமை கோர வேண்டும். எவரும் கோராவிட்டால் நிலம் முடிக்குரியதாகிவிடும். எழுத்தறியாதவருக்கும், கச்சேரிக்குப் போய்வர வழியும் பணமும் இல்லாதவருக்கும் மூன்று மாதம் எத்தகைய அவகாசம் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

அதே ஆண்டில் இன்னொரு தீவில்

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததா? நம் மலைகளுக்கு அந்தச் சட்டம் வந்த அதே 1840இல், பெப்ரவரி 6ஆம் திகதி, நியூசிலாந்தின் வைத்தாங்கி என்னுமிடத்தில் ஆங்கிலேய அரசும் மாவோரித் தலைவர்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். மாவோரிகளின் நிலம் அவர்களுக்கே உரியது என அது ஏற்றுக்கொண்டது. அவர்கள் விற்க விரும்பினால் முதலில் அரசுக்கே விற்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை.

அரசு ஒன்றே வாங்குபவராக இருந்தால் விலையையும் அதுவே தீர்மானிக்கும். 1848இல் தென் தீவில் ஏறக்குறைய 2 கோடி ஏக்கர் நிலம் வெறும் 2,000 பவுணுக்கு வாங்கப்பட்டது. 1865இல் நிறுவப்பட்ட சுதேச காணி நீதிமன்றம், குலம் முழுவதற்கும் பொதுவாயிருந்த நிலத்தை ஒரு சிலரின் பெயரில் எழுதியது. பெயர் எழுதப்பட்டவர் தனியே விற்கலாம். எழுதப்படாதவர் கையில் ஒன்றுமில்லை. நில அளவைச் செலவும் வழக்குச் செலவும் கடனாகி, அந்தக் கடனுக்கே நிலம் போனதும் உண்டு.

எஞ்சிய நிலத்திலும் குத்தகை என்ற பெயரில் ஒரு பூட்டு விழுந்தது. தாரனாக்கி மாவட்டத்தில் மாவோரிகளுக்கென ஒதுக்கிய நிலங்களை அரசின் பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் நிருவகித்தார். 1892ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவை 21 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. குத்தகைக்காரர் விரும்பினால் அதை முடிவில்லாமல் புதுப்பித்துக்கொள்ளலாம். வாடகை 21 ஆண்டுக்கு ஒருமுறைதான் திருத்தப்படும். உரித்தாளர் மாவோரி; ஆனால் நிலத்தில் காலெடுத்து வைக்கவோ நியாயமான வாடகை கேட்கவோ அவரால் முடியவில்லை. இந்நிலையை மாற்றத் தொடங்கிய சட்டம் 1997இல்தான் வந்தது.

எனினும் மாவோரிகளிடம் ஒரு கடதாசி இருந்தது. வைத்தாங்கி ஒப்பந்தத்தை அவர்கள் கைவிடவில்லை. 1975இல் முறைப்பாடுகளை விசாரிக்க வைத்தாங்கி நியாயசபை அமைக்கப்பட்டது. 1985 முதல், 1840 வரை பின்சென்று விசாரிக்கும் அதிகாரமும் அதற்குக் கிடைத்தது. தென் தீவின் நாய் தாகு குலத்தினருக்கு 1998இல் அரசு மன்னிப்புக் கோரியதோடு 17 கோடி நியூசிலாந்து டொலர் பெறுமதியான ஈட்டையும் வழங்கியது. இழந்த நிலத்தோடு ஒப்பிட்டால் இது சிறு பங்கே. ஆயினும் பாட்டன் பத்திரமாய் வைத்த கடதாசி பேரனுக்குப் பயன்பட்டது.

கிராமமும் லயமும்

நம் மலைநாட்டில் கடதாசியில் பெயர் இல்லாதவர்கள் இரு சாரார். ஒரு சாரார், சேனையையும் மேய்ச்சல் தரையையும் இழந்த சிங்களக் கிராமத்தார். 1951இல் வெளியான கண்டிய விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கை அவர்களின் காணியின்மையை விரிவாக எடுத்துரைத்தது. மறு சாரார், தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்து, காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்ட நம் முன்னோர். அவர்களுக்குக் கிடைத்தது பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிரா. அதுவும் வேலை இருக்கும் வரை மட்டும்.

கிராமத்தார் தம் நிலத்தைத் தோட்டத்து மக்கள் பறித்ததாக எண்ணியதுண்டு. தோட்டத்து மக்கள் கிராமத்தாரைக் கண்டு அஞ்சியதுண்டு. ஆனால் விற்பனைப் பத்திரத்தைப் பார்ப்போம். அதில் விற்றவர் முடி. வாங்கியவர் துரை அல்லது கம்பனி. கிராமத்தான் பெயரும் இல்லை, தொழிலாளி பெயரும் இல்லை. இதனை இரு சாராரும் ஒருங்கே உணர்வது மிக அவசியம்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடற்றவருக்கு அரச காணி கிடைப்பது எங்ஙனம்? 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நாடெங்கும் குடியேற்றத் திட்டங்கள் வளர்ந்த காலத்தில் நம்மவர்கள் பெரும்பாலும் வெளியே நின்றனர். நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தபோது ஒரு முழுத் தலைமுறை கடந்துவிட்டது.

தேசியமயமும் குத்தகையும்

1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்ச வரம்பு விதித்தது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 9 இலட்சத்து 80 ஆயிரம் ஏக்கர் அரசிடம் வந்தது. துரையின் கடதாசி அரசின் கடதாசியாயிற்று. தொழிலாளியின் பெயர் இம்முறையும் எழுதப்படவில்லை. மாறாகச் சில பகுதிகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் வெளியேற்றப்பட்டனர். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கரைப் பிரித்தெடுக்கும் திட்டத்தை எதிர்த்து 1977 மே மாதத்தில் தொழிலாளர் திரண்டபோது, டெவன் தோட்டத்தின் சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். காணி என்றால் என்ன என்பதை மலையகம் அன்று இரத்தத்தால் அறிந்துகொண்டது.

1992 ஜூனில் அரச தோட்டங்களின் நிருவாகம் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் இக்கம்பனிகளின் பெரும்பான்மைப் பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டன. நிலம் விற்கப்படவில்லை, 53 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. அக்குத்தகை 2045இல் முடிவடையும். தொடக்கத்தில் ஒரு தோட்டத்திற்கு ஆண்டுக்கு 500 ரூபா என்ற பெயரளவு வாடகையே இருந்தது. 1996இல் அது திருத்தப்பட்டது. உரித்து அரசிடம், அனுபவம் கம்பனியிடம். அங்கு குடியிருக்கும் மக்கள் அந்தக் குத்தகைப் பத்திரத்தில் ஒரு தரப்பினர் அல்லர்.

ஆகவேதான் நம் அம்மாவின் பையில் உறுதி இல்லை. வீட்டுத் திட்டம் கடனைக் கொடுத்தது. தோட்டம் இடத்தைக் காட்டியது. ஆனால் நிலமோ அரசுக்குரியது, குத்தகையோ கம்பனியுடையது. அந்தத் துண்டு நிலத்தை முதலில் குத்தகையிலிருந்து விடுவிக்க வேண்டும். பின்னர் அளந்து வரைபடம் தயாரிக்க வேண்டும். அரச நிறுவனம் உறுதி எழுதிக் கையொப்பமிட வேண்டும். இறுதியில் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். இந்த நான்கு படிகளில் ஒன்று குறைந்தாலும் வீடு நம்முடையது, நிலம் நம்முடையதன்று.

2015க்குப் பின்னர் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு, அதற்கு உறுதி என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்திற்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை சட்டத்தால் அமைக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்க படிகளே. ஆயினும் இன்றும் பல்லாயிரம் குடும்பங்கள் லயங்களில் வாழ்கின்றன. தனி வீட்டில் வாழ்வோர் பலரின் கையிலும் உறுதி இல்லை.

நம் கடதாசியை நாமே வாசிப்போம்

வீட்டிலுள்ள கடதாசிகளை எடுத்து வைத்துப் பின்வருவனவற்றைத் தேடிப் பாருங்கள்.

1. தலைப்பு. உறுதியா, அளிப்பா, அனுமதிப்பத்திரமா, கடன் ஒப்பந்தமா, வெறும் கடிதமா? கடன் கட்டி முடித்த பற்றுச்சீட்டு காணி உரித்தைத் தராது. ஆனால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். வீட்டுக்கு உழைத்தவர் நீங்கள் என்பதற்கு அது சான்று.

2. கொடுப்பவர். கையொப்பமிட்டவருக்கு நிலத்தின்மீது உரித்து உண்டா? குத்தகைக்காரர் தம்மிடம் உள்ளதற்கு மேலாக எதையும் கொடுக்க முடியாது. தோட்ட அலுவலகத்தின் கடிதம் உறுதியாகாததன் காரணம் இதுவே.

3. பெறுபவர். பெயர் அடையாள அட்டையில் உள்ளவாறே எழுதப்பட்டுள்ளதா? மனைவியின் பெயரும் உண்டா? கொழுந்து பறித்துக் கடன் கட்டியவள் பெயர் விடுபட்டால் பின்னர் அவளே வீதியில் நிற்க நேரும்.

4. நிலம். வரைபட இலக்கம், துண்டு இலக்கம், பரப்பளவு, நான்கு எல்லைகள் ஆகியன உள்ளனவா? எல்லையில்லாத உறுதி வேலியில்லாத தோட்டம்.

5. நிபந்தனை. விற்கலாமா, அடகு வைக்கலாமா, பிள்ளைகளுக்கு எழுதலாமா? காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரமாயின் பின்னுரித்தாளி நியமிக்கப்பட்டுள்ளாரா? முன்னர் ஆண் பிள்ளைகளுக்கே முதலிடம் கொடுத்த அச்சட்டம் 2022இல் திருத்தப்பட்டதையும் அறிந்திருப்போம்.

6. பதிவு. காணிப் பதிவகத்தின் முத்திரையும் பதிவு இலக்கமும் உண்டா? பதியாத உறுதி பாதி உறுதிதான்.

ஐயமிருப்பின் தனியே அலையாமல் நாலு குடும்பங்கள் சேர்ந்து செல்லுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகக் காணிப் பிரிவிலும் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி உங்கள் வீட்டுத் துண்டு அளக்கப்பட்டதா, குத்தகையிலிருந்து விடுவிக்கப்பட்டதா என்று கேட்கும் உரிமை உங்களுக்குண்டு. கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியையும் பெற்ற திகதி முத்திரையையும் பையில் வையுங்கள்.

அந்த அம்மாவின் கடதாசிகளை மீண்டும் ஒருமுறை பார்த்தோம். பழைய கடிதத்தின் மூலையில், மங்கிய மையில், ஒரு வரைபட இலக்கம் இருந்தது. யாரோ ஒருநாள் வந்து அளந்திருக்கிறார்கள்! அதுவரை அதை எவரும் கவனிக்கவில்லை. அந்த இலக்கத்தைக் குறிப்பிட்டு ஒரு விண்ணப்பம் எழுதினோம். அவர் கையொப்பமிட்டார், அக்கம்பக்கத்துப் பதினொரு குடும்பங்களும் தனித்தனியே எழுதிக் கொடுத்தன. பதில் இன்னும் வரவில்லை. வரும் வரை கேட்பது என்று அவர்கள் தீர்மானித்துள்ளனர்.

1840இலும் 1897இலும் 1972இலும் 1992இலும் நிலத்தைப் பற்றிய கடதாசிகள் நம்மைக் கேளாமல் எழுதப்பட்டன. 2045இல் குத்தகைகள் முடியும்போது மீண்டும் ஒரு கடதாசி எழுதப்படும். அப்போது நம் பிள்ளைகளின் பெயர் அதில் இருக்குமா என்பது, இன்று நாம் எதைக் கேட்டு எதைப் பதிந்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கலந்துரையாடலுக்கு

1. நம் தோட்டம் முதலில் எப்போது, யாரால் திறக்கப்பட்டது? முதியோரிடம் கேட்டு எழுதுவோம்.

2. அயற் கிராமத்து மக்கள் காணி பற்றிக் கூறும் குறைகள் எவை? அவற்றுள் நமக்கும் பொதுவானவை எவை?

3. நம் குழுவில் எத்தனை வீடுகளுக்குப் பதிந்த உறுதி உண்டு? எத்தனை வீடுகளுக்கு வெறும் கடிதம் உண்டு? பெண்களின் பெயரில் உள்ளவை எத்தனை?

4. அடுத்த கூட்டத்திற்கு முன் நாம் சேர்ந்து எழுதக்கூடிய ஒரு விண்ணப்பம் எது?